மிச்ச அட்டைகள்

குரு என்பவர் சீடரைவிட வயதில் மூத்தவர் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்த நம்பிக்கையால் விளைந்த சேதத்தை இதுவரை எவரும் கணக்கிட்டதில்லை. ஆகவே கதையைத் தொடங்குமுன் இதைத் திருத்திவிடுவது என் கடமையாகிறது.

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்து நான்கு.

தாடி சீடருக்கு இருந்தது. குரு பெண்.

மலையும் உண்டு. ஆனால் குரு அதன்மேல் அமர்ந்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியல் துறையின் மாடி ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். வெயில் அடிக்கிறதென்று அந்த ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

சீடரின் பெயர் பிரம்மநாயகம். பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளின் அறிவுத்திறனைச் சோதித்து அறிக்கை எழுதும் உளவியலாளர்.

குருவின் பெயர் ஜெஸிந்தா. ஒரு சோதனை, தான் அளப்பதாகச் சொல்லிக்கொள்வதைத்தான் அளக்கிறதா, எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றுபோல அளக்கிறதா என்று ஆராய்வது அவருடைய வேலை. சோதனைகளைச் சோதிப்பவர் என்று சுருக்கமாகச் சொல்லலாம். சோதனை தயாரிப்பவர்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள்.

ஒரு பயிற்சி முகாமில் அவர் பேசியதைக் கேட்ட நாளிலிருந்து பிரம்மநாயகம் அவரைக் குருவாக வரித்துக்கொண்டார். அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

அந்தச் சனிக்கிழமை மதியம், ஜெஸிந்தா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில், பிரம்மநாயகம் வந்து நின்றார். கையில் சோதனைப் பெட்டி.

"மேடம், கையெழுத்துப் போட முடியல."

"கை வலியா சார்?"

"மனசு."

ஜெஸிந்தா டப்பாவை மூடினார்.

"உட்காருங்க. பெட்டியக் கீழ வைங்க."

உட்கார்ந்தார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"யாரு பிள்ளை?"

"பேச்சியம்மாள்னு பேரு. பத்து வயசு. ஆட்டுக்கிடை போடுற குடும்பம். ஆட்டுப் புழுக்கை உரத்துக்காக அறுத்த வயல்ல ஊர் ஊரா கிடை போட்டுக்கிட்டே போவாங்க. இந்த வருசந்தான் பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்காங்க."

"என்ன பிரச்சினை?"

"பேச மாட்டேங்கா."

பெயரை வைத்து யாரும் சிரிக்க வேண்டாம். வகுப்பில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

"சோதனை வச்சீங்களா?"

"வச்சேன். பூஜ்யம்."

"பூஜ்யமா!"

"முதல் நாலு அட்டைக்கும் வாயைத் திறக்கல மேடம். நாலு தப்பு. நிறுத்திட்டேன்."

இங்கே ஒரு விதியை விளக்க வேண்டியிருக்கிறது. பிரம்மநாயகத்தின் பெட்டியில் முப்பது கேள்வி அட்டைகள் இருந்தன. எளிதானவை முதலில், கடினமானவை கடைசியில். தொடர்ந்து நான்கு கேள்விக்குப் பிள்ளை தவறினால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எளிதானதற்கே தவறும் பிள்ளையைக் கடினமான கேள்விகளால் வதைக்கக் கூடாது என்ற இரக்கத்தினால் எழுதப்பட்ட விதி அது. இரக்கம் கைப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது.

"அப்போ விதிப்படிதான செஞ்சிருக்கீங்க?"

"அதான் மேடம் பயமா இருக்கு."

ஜெஸிந்தா டப்பாவை ஓரமாக நகர்த்தினார்.

"திங்கட்கிழமை காலையில வேன் வருது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி, தூரத்துல. பேச்சிக்கு ஒரு சீட்டு ஒதுக்கியாச்சு. ஆபீஸ்ல கேட்டா, மதிப்பெண்தான் வந்துட்டுல்லா, கையெழுத்துதான பாக்கிங்காங்க. அவ அப்பாகிட்ட சொன்னேன். 'நீங்க படிச்சவுக, பாத்துச் சொன்னாச் சரி'ன்னுட்டாரு. கூட ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்."

"அந்தப் பள்ளி மோசமா?"

"நல்ல பள்ளி. அங்க இருக்க வேண்டிய பிள்ளைகளுக்கு."

"பேச்சி அங்க இருக்க வேண்டிய பிள்ளை இல்லன்னு உங்களுக்கு ஏன் தோணுது?"

பிரம்மநாயகம் தாடியைத் தடவினார்.

"தோணுதுன்னு சொல்ல முடியாது. ஒண்ணே ஒண்ணு. நான் பெட்டியக் கட்டும்போது, எடுக்காத அட்டையெல்லாம் அடுக்கா இருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னா. 'மிச்சம்?'னு கேட்டா. அந்த ஒரு வார்த்தைதான் பேசினா. மிச்சம் உனக்கு வேண்டாம் தாயின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"ம்."

"அன்னைலேருந்து தூங்கல மேடம்."

"உங்க கேள்வி என்ன சார்?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு, பேச்சி விசயத்துல கையெழுத்துப் போடலாமா. இன்னொண்ணு..."

நிறுத்தினார்.

"அதைக் கடைசியில கேக்கேன்."

அந்த இரண்டாவது கேள்வியை அவர் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பேருந்தில் வரும்போது தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். கேள்வி இதுதான். வேன் ஒவ்வோர் ஆண்டும் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் அவர் கையெழுத்துப் போட்டார். பேச்சிக்கு முன்னால் போன பிள்ளைகள் யார்?

ஜெஸிந்தா கையை நீட்டினார்.

"பெட்டியக் குடுங்க."

பெட்டியைத் திறந்து அட்டைகளை எடுத்தார். ஸ்டாப்வாட்சை எடுத்து மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு நேர் எதிரே அமர்ந்தார்.

பிறகு அவர் முகம் மாறியது.

சோதனை வைப்பவர்களுக்கென்று ஒரு முகம் உண்டு. விடை சரியென்றாலும் அசையாது, தவறென்றாலும் அசையாது. பயிற்சியின் முதல் வாரத்திலேயே அதைக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். பிரம்மநாயகம் அந்த முகத்தோடு தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய், சாப்பாடு பிடிக்கவில்லையோ என்று சம்பந்தி வீட்டாரைக் கலங்கடித்தவர். ஆனால் அந்த முகத்தை எதிரில் உட்கார்ந்து பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை.

"நாய்க்கு எத்தனை கால்?" என்றார் ஜெஸிந்தா.

பிரம்மநாயகம் சிரித்தார்.

ஜெஸிந்தா சிரிக்கவில்லை.

"மேடம், இது என் அட்டை."

முகம் அசையவில்லை. ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

பிரம்மநாயகம் யோசித்தார்: ஆயிரம் பிள்ளைகளிடம் நான் கேட்ட கேள்வி. விடை எனக்குத் தெரியும் என்று இவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறார் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. வெறுமனே நாலு என்று சொன்னால் ஏமாந்தவன் ஆகிவிடுவோம்.

"எந்த நாய் மேடம்?" என்றார் ஜாக்கிரதையாக.

ஸ்டாப்வாட்ச் டிக்கென்று நின்றது. ஜெஸிந்தா ஒரு துண்டுத் தாளில் எதையோ குறித்தார். வட்டமாக இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் என்ன?"

அது வேன் வரும் திங்கட்கிழமை. பிரம்மநாயகத்துக்குக் காதுக்குள் ஹாரன் அடிப்பதுபோல இருந்தது.

"அதுதான மேடம் என் கவலையே."

இன்னொரு வட்டம்.

"பால் என்ன நிறம்?"

முதல் இரண்டும் தவறாகிவிட்டன என்பது இப்போது தெரிந்துவிட்டதால் பிரம்மநாயகத்துக்கு வியர்த்தது. மூன்றாவதையாவது சரியாகச் சொல்ல வேண்டும். குரு துல்லியமானவர். வெள்ளை என்பது துல்லியமா? பசும்பாலில் லேசாக மஞ்சள் இருக்கும். ஆட்டுப்பாலில் இருக்காது. இவர் ஆட்டைத்தான் சொல்கிறாரோ? பேச்சியின் ஆட்டை?

"பொதுவாச் சொல்றதா இருந்தா..." என்று ஆரம்பித்தார்.

நேரம் முடிந்தது. வட்டம்.

ஜெஸிந்தா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"இது என்ன?"

பிரம்மநாயகம் விரலைப் பார்த்தார். அசையாத முகத்தைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயதில், பட்டம் பெற்று, பணியில் மூத்து, வீட்டில் பேரன் இருக்கும் அவர், நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"மேடம், நான் எதுவும் தப்பாப் பேசிட்டேனா?"

நான்காவது வட்டம்.

ஜெஸிந்தா அட்டைகளைப் பெட்டிக்குள் போட்டார். ஸ்டாப்வாட்சைப் போட்டார். மூடியை அழுத்திச் சாத்தி, பெட்டியை பிரம்மநாயகத்தின் பக்கம் தள்ளினார். முகம் பழையபடி ஆனது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

"அவ்வளவுதான் சார். கேன்டீன்ல இந்நேரம் சாம்பார் சாதம் இருக்கும். சாப்பிட்டுட்டுப் போங்க."

"மேடம்?"

"சொல்லுங்க."

"நான் கேக்க வந்ததே இன்னும் கேக்கலையே."

"நாலு தப்பு ஆயிடுச்சு சார்."

பிரம்மநாயகம் மூடிய பெட்டியைப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது.

"மிச்சம்?" என்றார்.

சொன்ன பிறகுதான் அது யார் கேட்ட கேள்வி என்று உறைத்தது.

ஜெஸிந்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிரம்மநாயகம் கேன்டீனுக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊருக்கு வெளியே அறுத்த வயலில் கிடை. ஆடுகளை மேய்ச்சலுக்கு இன்னும் ஓட்டிப் போகவில்லை. பேச்சியின் அப்பா சுடலைமுத்து அவரைத் தூரத்திலேயே பார்த்து, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க சார். நாளைக்குத்தான வண்டி? எல்லாம் எடுத்து வச்சாச்சு."

கூடாரத்து ஓரத்தில் ஒரு புதுத் தகரப் பெட்டி இருந்தது. மூடியில் ரோஜாப்பூ வரைந்திருந்தது. பூட்டும் புதிது. சாவியைப் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டு, பேச்சி ஒரு குட்டியைத் தாயிடம் பால் குடிக்க விட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைகிட்ட கொஞ்சம் பேசணும்" என்றார் பிரம்மநாயகம்.

"ஏட்டி, இங்க வா. சார் கேக்காகல்லா, இன்னைக்காவது வாயத் தொறந்து பதில் சொல்லு. இல்ல, தோலை உரிச்சிருவேன்."

"அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் இருங்க."

வரப்பில் உட்கார்ந்தார்கள். பிரம்மநாயகம் பெட்டியைத் திறந்தார். அட்டைகள் தலைகீழாக இருந்தன. கடைசிக் கேள்வி மேலே இருந்தது. ஜெஸிந்தா அதை வேண்டுமென்றே அப்படி வைத்தாரா, பசியில் வைத்தாரா என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆய்வாளர்கள் இந்த இடத்தில் அடக்கத்தோடு கடந்து போவது நல்லது.

அவர் அந்தக் கடைசி அட்டையை எடுத்தார். அந்த அட்டைவரை வந்து சேரும் பிள்ளைகள் அபூர்வம். பல ஆண்டுகளாக அவர் அதைக் கேட்டதே இல்லை. ஓரம்கூட மடங்காமல் இருந்தது.

"வேற தராசு இல்ல. எடைக்கல்லும் இல்ல. கையில இருக்குற தராசு சரியான தராசா, ஏமாத்துற தராசான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

கேட்டுவிட்டுத் திடுக்கிட்டார். விடை அவருக்கு நினைவில்லை.

சோதனை முகம் கலைந்துவிட்டது. அவர் கைப்புத்தகத்தைத் தேடிப் பெட்டிக்குள் துழாவினார். கிடைக்கவில்லை. எடைக்கல் இல்லாமல் எப்படி என்று தனக்குள் முணுமுணுத்தார்.

பேச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்."

"என்னம்மா?"

"ரெண்டு தட்டுலயும் சாமானப் போட்டு முள்ள நேரா நிறுத்தணும்."

"நிறுத்தி?"

"பொறவு இந்தத் தட்டுல உள்ளத அங்க மாத்தணும். அங்க உள்ளத இங்க மாத்தணும். அப்பவும் முள்ளு நேரா நின்னா நல்ல தராசு. சாஞ்சா கள்ளத் தராசு."

கைப்புத்தகம் பெட்டியின் அடியில் கிடைத்தது. பிரம்மநாயகம் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"சரியா சார்?"

சரியா தவறா என்று பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்பதும் ஒரு விதி.

"சரி" என்றார்.

அட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பேச்சி சிலவற்றுக்குத் தவறாகச் சொன்னாள். வங்கி எதற்கு என்று கேட்டதற்கு, ஏசியில் உட்காருவதற்கு என்றாள். தந்தியைப் பற்றிய கேள்வி அவளுக்குப் புரியவில்லை. தந்தி என்று ஒன்று இப்போது இல்லை என்பது கேள்வி எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பலவற்றுக்குச் சரியாகச் சொன்னாள். சிலவற்றைத் திருப்பிக் கேட்டாள். குட்டி வந்து ஓர் அட்டையின் மூலையைத் தின்றது.

கேள்விகள் எளிதாக எளிதாகப் பேச்சியின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

கடைசி நான்கு அட்டைகள் வந்தபோது அவள் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"நாய்க்கு எத்தனை கால்?"

பேச்சி கால் விரலால் மண்ணைக் கிளறினாள்.

பிரம்மநாயகம் ஸ்டாப்வாட்சைத் தொடவில்லை. அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"பேச்சி, இதுக்கு விடை எனக்குத் தெரியும்."

பேச்சி தலையைத் தூக்கினாள்.

"தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கும் தெரியுமா?"

"அன்னைக்கும் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டியளா?"

"ஆமா."

பேச்சி அப்பா இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தெரிஞ்சத கேட்டா அடுத்தாப்புல அடிதான சார் விழும். ஆடு எங்கட்டீன்னு அப்பா கேட்டா, ஆடு எந்த வயல்ல பயிர மேஞ்சுச்சுன்னு அப்பாவுக்குத் தெரியும்னு அர்த்தம். நான் என்ன தப்புப் பண்ணேன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள பெட்டிய மூடிட்டிய."

பிரம்மநாயகம் தாடியைத் தடவவில்லை. கை மடியிலேயே கிடந்தது.

"நீ ஒரு தப்பும் பண்ணல தாயி."

பேச்சி அதை நிறுத்துப் பார்த்தாள்.

"நாலு" என்றாள். சொல்லிவிட்டு அவர் கையைப் பார்த்தாள். கை எழவில்லை.

"திங்கக்கிழமை. வெள்ளை. பெருவிரலு."

சுடலைமுத்து பொறுக்க முடியாமல் வந்துவிட்டார்.

"என்ன சார், பேசுனாளா?"

"பேசினா."

"அப்போ வண்டிக்கு எத்தன மணிக்குக் கூட்டியாரணும்?"

"கூட்டிட்டு வர வேண்டாம் அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க, எப்பவும் போல."

சுடலைமுத்து மகளைப் பார்த்தார். தகரப் பெட்டியைப் பார்த்தார். முகத்தில் மகிழ்ச்சியைவிடக் குழப்பமே அதிகம் இருந்தது.

"சீட்டுப் போட்டு வச்சிருக்காகளே சார். அது சும்மாவா போவும்?"

பிரம்மநாயகம் அட்டைகளை அடுக்கினார். முதல் கேள்வியை மேலே வைத்தார். யோசித்தார். எடுத்து அடியில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை வேன் பள்ளி வாசலில் வந்து நின்றது. உள்ளே வேறு ஊர்களில் ஏற்றிய பிள்ளைகள் இருந்தார்கள். ஓட்டுநர் இறங்கி வந்தார்.

"பேச்சியம்மாள்?"

"வரல" என்றார் பிரம்மநாயகம்.

"கையெழுத்துப் போட்ட அறிக்கை?"

"போடல. சோதனை முடியல."

"அப்ப அந்த சீட்டு?"

பிரம்மநாயகம் வேனில் ஏறினார். காலியாக இருந்த ஒரே இருக்கையில் உட்கார்ந்து, சோதனைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"சார் எங்க வாரீங்க?"

"போன வருசம் கூட்டிட்டுப் போன பிள்ளைங்க அங்கதான இருக்கு?"

"ஆமா சார்."

"அதுக்கு முந்தின வருசப் பிள்ளைங்க?"

"எல்லாம் அங்கதான் இருக்கு."

ஓட்டுநர் தலைகளை எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. கதவைச் சாத்தினார்.